மூன்று பிரதிகள், ஒரே பெயர்: உபுண்டு 24.04 கணினியில் ஒய்டி-டிஎல்பி நிறுவல்

ஒய்டி-டிஎல்பி என்ற வீடியோ இறக்கும் மென்பொருளை லினக்ஸில் நிறுவுவது ஒரு வரிக் கட்டளை. அந்த ஒரு வரியை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியில் கொடுத்த கணினிகளில்தான் சிக்கல் பிறக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நிலையை முதலிலிருந்து கடைசிவரை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கணினியின் நிலை

64-பிட் இன்டெல் கணினி. முதலில் உபுண்டு 22.04 இருந்தது, பிறகு 24.04-க்கு மேம்படுத்தப்பட்டது. சொந்தச் சேனலில் ஏற்றிய வீடியோக்களுக்குக் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்வதும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் பாடங்களை இணையம் எட்டாத வகுப்பறைக்குக் கொண்டுபோவதும் இதன் வேலை. யூடியூபின் விதிமுறைகள் அனுமதி இல்லாத பதிவிறக்கத்தைத் தடுக்கின்றன. எனவே எதை இறக்குகிறோம், அதற்கு உரிமை உண்டா என்பதை நிறுவலுக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அறிகுறி இதுதான். ஒரே கணினி, ஒரே கட்டளை, மூன்று வெவ்வேறு விடைகள். டெர்மினலில் ஒய்டி-டிஎல்பி என்று அடித்தால் "ஒய்டி-டிஎல்பி என்ற மாட்யூல் இல்லை" என்று பைத்தான் பிழை. முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) சேர்த்து அடித்தால் வேலை செய்கிறது, ஆனால் உயர்ந்த தரங்கள் பட்டியலில் வருவதில்லை. இரவில் தானாக ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) போட்டுவைத்த வேலையோ, தளம் கோரிக்கையை மறுக்கும் 403 பிழையோடு நின்றுவிடுகிறது.

இந்த நிலையில் பலர் எடுக்கும் முடிவு "இதற்கு சூடோ தேவை போல" என்பது. அது தவறான முடிவு. அதோடு இன்னொரு சிக்கலையும் கொண்டுவரும். சூடோவில் இறக்கிய கோப்புகள் ரூட் (நிர்வாகி) பெயரில் உட்கார்ந்துகொள்ளும், பாதியில் நின்ற .பார்ட் கோப்பைச் சாதாரணப் பயனராகத் தொடர முயன்றால் அனுமதி மறுக்கப்படும். உபுண்டுவில் சூடோ கொடுத்தவுடன் ஹோம் ஃபோல்டரும் /ரூட் ஆக மாறிவிடுவதால், நீங்கள் எழுதிவைத்த அமைப்புக் கோப்பும் படிக்கப்படாது.

மூன்று விடைகளும் வருவது எங்கிருந்து

டெர்மினலில் டைப் -ஏ ஒய்டி-டிஎல்பி என்று கேட்டால், அந்தப் பெயரில் உள்ள எல்லாப் பிரதிகளையும், டெர்மினலில் நாம் அடிப்பதைப் படித்து ஓட்டும் பாஷ் வரிசையாகக் காட்டும். விச் கட்டளை முதல் பிரதியை மட்டும் காட்டுவதால் இந்த இடத்துக்கு அது போதாது. வந்த வரிகள் மூன்று:

~/.லோக்கல்/பின்/ஒய்டி-டிஎல்பி
/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/ஒய்டி-டிஎல்பி
/யூஎஸ்ஆர்/பின்/ஒய்டி-டிஎல்பி

முதலாவது, 22.04 காலத்தில் பிப் (பைத்தான் பொதிகளை நிறுவும் கருவி) வழியாகப் போட்டது. அப்போது கணினியில் இருந்தது பைத்தான் 3.10. பிப் தன் பொருட்களை ~/.லோக்கல்/லிப்/பைத்தான்3.10 என்ற ஃபோல்டருக்குள் வைத்தது. இயக்கும் சிறு கோப்பின் முதல் வரியில் "/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3" என்று மட்டும் எழுதியது. 24.04-க்கு மாறியதும் அந்தப் பைத்தான்3 என்பது 3.12 ஆகிவிட்டது. 3.12 தனக்குரிய ஃபோல்டரில் மட்டுமே தேடும், 3.10 ஃபோல்டரை எட்டிப் பார்க்காது. இயக்கும் கோப்பு உயிரோடிருக்கிறது, உள்ளிருக்க வேண்டிய நிரல் கண்ணில் படவில்லை. மாட்யூல் இல்லை என்ற பிழை அதனால்தான்.

இரண்டாவது, திட்டத்தின் கிட்ஹப் பக்கத்திலிருந்து கர்ல் (முகவரியிலிருந்து கோப்பை இறக்கும் கட்டளை) வழியாக இறக்கி வைத்த ஜிப் வகைப் பிரதி. இது கணினியில் இருக்கும் எந்தப் பைத்தான்3-ஐயும் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் மேம்படுத்தலுக்குப் பிறகும் ஓடுகிறது. ஆனால் இறக்கிய நாளின் பதிப்பிலேயே நிற்கிறது.

மூன்றாவது, உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் போட்டது. உபுண்டு 24.04-இன் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு 2024.04.09. பெயரே தேதிதான்: ஒய்டி-டிஎல்பி தன் பதிப்புகளை வெளியான நாளால் குறிக்கிறது. எனவே எவ்வளவு பழையது என்பதைப் பதிப்பெண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

யார் எந்தப் பிரதியை எடுத்தார்கள் என்பது இனி எளிது. உபுண்டுவில் சாதாரணப் பயனரின் பாத் வரிசையில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) ~/.லோக்கல்/பின் முன்னால் நிற்கும். டெர்மினல் முதல் பிரதியை எடுத்தது. சூடோ பயனரின் பாத்தை ஒதுக்கிவிட்டுத் தனக்கென்று ஒரு பாதுகாப்பான வரிசையைப் பயன்படுத்தும்; அதில் ஹோம் ஃபோல்டர் கிடையாது, /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் முதலில் வரும்; அதனால் இரண்டாவது பிரதி. கிரானுக்கு இயல்பாகத் தெரிந்தவை /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டு இடங்கள் மட்டுமே, அதனால் மூன்றாவது. மூவரும் தத்தம் விதிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள்.

பழைய பதிப்பு ஏன் ஓடாது

எழுத்துத் திருத்தியோ கணக்குப் பதிவு மென்பொருளோ ஐந்து வருடம் பழையதாக இருந்தாலும் வேலை செய்யும். வீடியோ இறக்கும் மென்பொருள் அப்படியல்ல. அது எதிரே இருக்கும் தளத்தின் பக்க அமைப்பைப் படித்துப் புரிந்துகொண்டு வேலை செய்கிறது. தளம் மாறினால், முந்தைய நாள் வரை ஓடியது மறுநாள் நின்றுவிடும்.

இதற்கு முன்னோடியான யூடியூப்-டிஎல்லின் கதையே நல்ல சான்று. 2006-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை, அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் கொடுத்த புகாரின்பேரில் கிட்ஹப் 2020 அக்டோபர் 23 அன்று நீக்கியது. நவம்பர் 16 அன்று திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் திட்டத்தைத் தளர்த்தியது அந்தப் புகார் அல்ல, புதுப்பிப்பு குறைந்துபோனதுதான். அதன் 2021.12.17 பதிப்புக்குப் பிறகு வழக்கமான வெளியீடு வரவில்லை. யூடியூப் வீடியோ முகவரிக்குள் 'என்' என்ற ஒரு மதிப்பைச் சேர்த்து, அதைச் சரியாக மாற்றித் தராதவர்களுக்கு வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 50 கேபி அளவுக்கு நெரித்தது. அந்த வேகத்தில் 1 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். 2023 பிப்ரவரியில் பக்க அமைப்பு சற்று மாற, வீடியோ ஏற்றியவரின் அடையாளத்தை எடுக்க முடியவில்லை என்ற பிழையோடு அந்தப் பதிப்பு யூடியூபில் முழுவதும் நின்றுபோனது. களஞ்சியத்தில் அந்தப் பதிப்பையே வைத்திருந்த கணினிகளில் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பிழை.

ஒய்டி-டிஎல்பி இதன் கிளை. 2021 தொடக்கத்திலிருந்து வெளியாகிறது. 2025 நவம்பரில் இதிலும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. யூடியூபின் அந்த 'என்' மதிப்பை மாற்றுவது போன்ற கணக்கீடுகளைச் செய்ய, மென்பொருளுக்குள் இருந்த சிறு ஜாவாஸ்கிரிப்ட் பகுதி போதாமல் போனது. 2025.11.12 பதிப்பிலிருந்து, யூடியூபை முழுமையாகப் பயன்படுத்த வெளியே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி தனியாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நிறுவல் குறிப்புகளில் இதற்கு முன் எழுதப்பட்டவை இதைச் சொல்வதில்லை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நிறுவல் முடியும், ஓடவும் செய்யும். தரங்கள் மட்டும் குறைந்து வரும்.

ஆக, இந்த மென்பொருளுக்கு நிறுவும் வழியைத் தேர்வதென்பது புதுப்பிக்கும் வழியைத் தேர்வதுதான். ஆப்ட் எளிது, நம்பகமானது, ஆனால் உபுண்டு ஒரு வெளியீட்டின் பதிப்புகளை உறையவைத்துவிடும். அது குறையல்ல, அவர்கள் கொள்கை. இந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அது பொருந்தாது. ஆர்ச் போல, களஞ்சியம் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும் வழங்கல்களில், அவற்றின் நிறுவல் கருவியான பேக்மேன் வழியே சரியான வழி. அங்கே வேறு எதையும் தேட வேண்டாம். டெபியன் பயன்படுத்துபவர்கள், நிலையான வெளியீட்டுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைப் பார்க்கலாம்.

பிப் வழியை 24.04 நேரடியாக ஏற்பதில்லை. "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று நிறுத்திவிடும். கணினியே பயன்படுத்தும் பைத்தானில் பிப் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த தடுப்பு அது. அதை உடைக்கும் விருப்பத்தேர்வை பிழைச் செய்தியே சொல்லிக்கொடுக்கிறது. பயன்படுத்தாதீர்கள். பைத்தான் வழியே வேண்டுமென்றால், ஒவ்வொரு மென்பொருளையும் தனிச் சூழலில் நிறுவும் பிப்எக்ஸ் இருக்கிறது. அதிலும் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குள் டிஃபால்ட் என்று சேர்த்து, முழுவதையும் மேற்கோளுக்குள் போட்டு நிறுவ வேண்டும். அப்போதுதான் ஜாவாஸ்கிரிப்ட் கணக்கீட்டுக்கான துணைப் பொதியும் சேர்ந்து வரும். அடுத்த உபுண்டு மேம்படுத்தலில் பைத்தான் பதிப்பு மாறும்போது பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல் ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கணினிக்குத் தேர்ந்தெடுத்தது ஒய்டி-டிஎல்பி_லினக்ஸ் என்ற தனித்த கோப்பு. பைத்தானையும் துணைப் பொதிகளையும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கணினியின் பைத்தான் மாறினாலும் கவலையில்லை. ஒவ்வொரு முறையும் தன்னை விரித்துக்கொண்டு தொடங்குவதால் ஓரிரு நொடி தாமதம் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்தல்

எது போட்டதோ அதை வைத்தே எடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஆப்ட் பிரதிக்கு சூடோ ஆப்ட் ரிமூவ். எம்பிவி பிளேயர் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். எம்பிவிக்கு ஒய்டி-டிஎல்பி பரிந்துரைதான், கட்டாயச் சார்பு அல்ல. அது பாத்தில் கிடைக்கும் புதிய பிரதியைத் தானே எடுத்துக்கொள்ளும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் பிரதி ஒரே கோப்பு. சூடோ ஆர்எம் போதும்.

பிப் பிரதிதான் முரண்டு பிடிக்கும். பிப் அன்இன்ஸ்டால் கொடுத்தால், மேலே சொன்ன "வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்ற தடுப்பே வரும்; அதைத் தாண்டினாலும் அப்படி ஒன்று நிறுவப்படவே இல்லை என்றுதான் பதில் வரும். இப்போதைய பிப் 3.12-க்கு உரியது, 3.10 ஃபோல்டர் அதன் கணக்கில் இல்லை. கையால்தான் எடுக்க வேண்டும்: ~/.லோக்கல்/பின் உள்ளிருக்கும் இயக்கும் கோப்பு, பிறகு ~/.லோக்கல்/லிப்/பைத்தான்3.10/சைட்-பேக்கேஜஸ் உள்ளே ஒய்டி_டிஎல்பி என்று தொடங்கும் ஃபோல்டர்கள். அந்த இடத்தில் வேறு எதுவும் தேவையில்லை என்று உறுதியானால் பைத்தான்3.10 ஃபோல்டரையே நீக்கலாம். 24.04-இல் அதைப் படிக்க யாரும் இல்லை.

நீக்கிய பிறகு அதே டெர்மினலில் கட்டளையை அடித்தால், நீக்கிய பாதையையே சொல்லி "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வரக்கூடும். பாஷ் ஒருமுறை கண்டுபிடித்த பாதையை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஹேஷ் -ஆர் அடித்தாலோ, புது டெர்மினல் திறந்தாலோ சரியாகிவிடும்.

நிறுவல்

முதலில் எம்கேடிர் -பி வைத்து ~/.லோக்கல்/பின் இருக்கும்படி செய்துகொள்ள வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். உபுண்டுவின் .ப்ரொஃபைல் கோப்பு, நீங்கள் உள்நுழையும் நேரத்தில் அந்த ஃபோல்டர் இருந்தால்தான் அதைப் பாத்தில் சேர்க்கும். இப்போதுதான் உருவாக்கினீர்கள் என்றால் வெளியேறி மீண்டும் உள்நுழையும்வரை "கட்டளை கிடைக்கவில்லை" என்றே வரும். நிறுவலில் பிழை இருக்கிறதோ என்று தேட வேண்டாம்.

அடுத்து, கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து ஒய்டி-டிஎல்பி_லினக்ஸ் கோப்பை இறக்குவது. கர்ல் பயன்படுத்தினால் -எல் விருப்பத்தேர்வு, பெரிய எழுத்தில், கட்டாயம் வேண்டும். கிட்ஹப் அந்த முகவரியிலிருந்து வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடுகிறது. -எல் இல்லாவிட்டால் கர்ல் பின்தொடராது, உள்ளே எதுவும் இல்லாத வெற்றுக் கோப்புதான் மிஞ்சும். அதே பக்கத்தில் எஸ்எச்ஏ2-256சம்ஸ் என்ற கோப்பும் இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து எஸ்எச்ஏ256சம் -சி --இக்னோர்-மிஸ்ஸிங் எஸ்எச்ஏ2-256சம்ஸ் என்று கோப்பு பழுதின்றி வந்ததா எனச் சரிபார்த்து, ஓகே என்று வந்த பிறகே அடுத்த அடி. பிறகு கோப்பை ஒய்டி-டிஎல்பி என்ற பெயரில் ~/.லோக்கல்/பின் உள்ளே நகர்த்தி, சிஎச்மோட் ஏ+ஆர்எக்ஸ் வழியாக ஓட்டும் அனுமதி கொடுத்தால் முதல் பகுதி முடிந்தது.

ராஸ்பெரி பை போன்ற ஏஆர்எம் கணினிகளுக்குத் தனிக் கோப்புகள் உண்டு. 64-பிட் என்றால் ஏஆர்ச்64 என்று முடிவதை எடுக்க வேண்டும். ஆல்பைன் லினக்ஸுக்கும் தனி. அங்கே தவறானதை எடுத்தால் பிழைச் செய்தி கோப்பே இல்லை என்பது போலத் தோன்றிக் குழப்பும்.

இரண்டாவது பகுதி எஃப்எஃப்எம்பெக். யூடியூப் உயர்ந்த தரங்களில் படத்தையும் ஒலியையும் தனித்தனி ஓடைகளாகத்தான் தருகிறது. ஒன்றாகவே சேர்ந்து வருவது 360பி தரத்தில் இருக்கும் 18 எண் வடிவம். 1080பி வேண்டுமென்றால் படத்துக்கு 137, ஒலிக்கு 140 என்று இரண்டை இறக்கி ஒட்ட வேண்டும். ஒட்டும் வேலை எஃப்எஃப்எம்பெக்குடையது. அது இல்லாவிட்டால், ஒலியில்லாத ஒரு படக் கோப்பும் படமில்லாத ஒரு ஒலிக் கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எஃப்எஃப்எம்பெக் போதும், 24.04-இல் 6.1.1 வரும், இந்த வேலைக்கு அது தாராளம். பிப்பில் அதே பெயரில் இருக்கும் பைத்தான் பொதி வேறு. அது இதற்கு உதவாது. ஒட்டும்போது மூலக் கோப்புகளும் புதிய கோப்பும் சில நிமிடம் ஒன்றாக இருக்கும் என்பதால், வட்டில் வீடியோ அளவைப்போல் இரு மடங்கு காலியிடம் வேண்டும்.

மூன்றாவது பகுதி ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி. ஆப்ட் வழியே நோட்ஜேஎஸ் போடலாமே என்று தோன்றும். 24.04 தருவது 18.19, ஒய்டி-டிஎல்பி 20-க்குக் கீழே ஏற்பதில்லை. திட்டம் பரிந்துரைப்பது டீனோ, பதிப்பு 2 அல்லது அதற்கு மேல். காரணம் பாதுகாப்பு. வெளியிலிருந்து வரும் நிரலை ஓட்டும்போது, அனுமதி கொடுக்காதவரை டீனோ அதைக் கோப்புகளையோ இணையத்தையோ தொட விடாது. டீனோவும் ஒரே கோப்புதான். அதன் வெளியீட்டுப் பக்கத்தில் எக்ஸ்86_64 லினக்ஸுக்கான ஜிப்பை இறக்கி, விரித்து, அதே ~/.லோக்கல்/பின் உள்ளே வைத்தால் ஒய்டி-டிஎல்பி தானே கண்டுகொள்ளும். விரித்தால் 100 எம்பிக்கு மேல் இருக்கும். நோட் 20-க்கு மேல் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் --ஜேஎஸ்-ரன்டைம்ஸ் நோட் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டீனோவை மட்டுமே தேடும்.

இப்போது ஒய்டி-டிஎல்பி -வி என்று மட்டும் அடித்தால், முகவரி கொடுக்கவில்லை என்று கடைசியில் கடிந்துகொள்ளும். ஆனால் அதற்கு மேலே நமக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். பதிப்பு வரியின் முடிவில் லினக்ஸ்_எக்ஸ்இ என்று இருக்க வேண்டும். ஜிப் என்றோ பிப் என்றோ இருந்தால் பழைய பிரதி எங்கோ ஒளிந்திருக்கிறது. எக்ஸ்இ வெர்ஷன்ஸ் வரியில் எஃப்எஃப்எம்பெக்கும் எஃப்எஃப்ப்ரோபும், ஜேஎஸ் ரன்டைம்ஸ் வரியில் டீனோவும் தெரிய வேண்டும். உதவி கேட்க நேர்ந்தால் இந்தப் பகுதியை முழுதாக ஒட்டுங்கள். இது இல்லாமல் யாராலும் ஊகிக்கத்தான் முடியும்.

புதுப்பிக்க ஒய்டி-டிஎல்பி -யு, பெரிய எழுத்தில். கோப்பு உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பதால் சூடோ வேண்டாம். ஒரு தளம் திடீரென்று நின்றுபோய், வழக்கமான வெளியீடு இன்னும் வரவில்லை என்றால் --அப்டேட்-டு நைட்லி கொடுத்து அன்றாடச் சோதனைப் பதிப்புக்கு மாறலாம். திருத்தங்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும். 403 பிழை கண்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை புதுப்பிப்பு. அதற்குப் பிறகே மற்ற ஆராய்ச்சி.

முகவரியும் மேற்கோள் குறியும்

யூடியூப் முகவரியை மேற்கோளுக்குள் வைக்காமல் ஒட்டினால், உள்ளே இருக்கும் & குறியை பாஷ் "இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு" என்று படித்துக்கொள்ளும். பட்டியல் முகவரி கொடுத்தவருக்கு ஒரு வீடியோ மட்டும் இறங்கும். பிழை எதுவும் வராது. ஒற்றை மேற்கோள் போட்டால் தீர்ந்தது. ஆனால் உடனே எதிர்ப்பக்கச் சிக்கல் வரும். இப்போது லிஸ்ட் பகுதியும் சேர்ந்து போவதால், ஒரு வீடியோ கேட்டவருக்கு மொத்தப் பட்டியலும் இறங்கத் தொடங்கும். --நோ-ப்ளேலிஸ்ட் என்பதை அமைப்புக் கோப்பிலேயே போட்டுவிடுவது நல்லது. பட்டியல் வேண்டும் என்கிற நாளில் --யெஸ்-ப்ளேலிஸ்ட் கொடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தலைப்புகளின் நீளம்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் அவ்வளவாகப் பேசப்படாத சிக்கல் இது. தமிழ் வீடியோக்களை இறக்குபவர்களுக்கு அடிக்கடி வருவதும் இதுதான். எல்லாம் சரியாக நிறுவியிருக்கும். ஆங்கிலத் தலைப்புள்ள வீடியோக்கள் இறங்கும். ஒரு நீண்ட தமிழ்த் தலைப்பு வந்ததும் "பிழை எண் 36, கோப்பின் பெயர் மிக நீளம்" என்று நின்றுவிடும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. எழுத்துக் கணக்கல்ல, பைட் கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள்; புள்ளியும் தனி. "தமிழ்நாட்டு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ந, ஆகாரக் குறி, ட, புள்ளி, ட, உகரக் குறி என்று பதினொரு குறியீடுகள். மொத்தம் 33 பைட். யூடியூப் தலைப்புக்குத் தரும் உச்சவரம்பு 100 குறியீடுகள்; அது முழுக்கத் தமிழில் நிரம்பினால் 300 பைட்.

தலைப்போடு முடிவதுமில்லை. ஒய்டி-டிஎல்பி இயல்பாகவே தலைப்புக்குப் பின் ஓர் இடைவெளியும் சதுர அடைப்புக்குள் 11 எழுத்து அடையாளமும் சேர்க்கும்: 14 பைட். இறங்கும்போது .எஃப்399, .எம்பி4, .பார்ட் என்று மூன்று ஒட்டுகள்: இன்னும் 14. துண்டு துண்டாக வரும் வீடியோவில் துண்டின் எண்ணும் சேரும். ஆகவே தலைப்புக்கு 180 பைட் ஒதுக்குவது பாதுகாப்பானது. பெயர் வார்ப்பை இப்படி மாற்ற வேண்டும்:

%(டைட்டில்).180பி [%(ஐடி)எஸ்].%(எக்ஸ்ட்)எஸ்

இதில் பி பெரிய எழுத்து. பைட் கணக்கில் வெட்டு என்று பொருள். எஸ் சிறிய எழுத்து. 180 பைட் என்றால் 60 தமிழ்க் குறியீடுகள்; ஐந்தாறு சொற்கள் தெரியும், பாடத்தை அடையாளம் காண அது போதும். வெட்டு விழும் இடத்தில் கடைசி எழுத்து தன் உயிர்க்குறியை இழக்கலாம். ஹோம் ஃபோல்டரை ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் பூட்டி வைத்த பழைய உபுண்டு கணினிகளில் உச்சவரம்பு 143-தான். அங்கே 90 என்று வையுங்கள்.

பெயர்ச் சிக்கலைத் தீர்க்க --ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்நேம்ஸ் போடச் சொல்லும் அறிவுரை பரவலாக உண்டு. தமிழுக்கு அது ஆகவே ஆகாது. ஆங்கில எழுத்தல்லாத எல்லாவற்றையும் அடிக்கோடாக்கிவிடும். முழுத் தமிழ்த் தலைப்பில் அடையாள எண்ணைத் தவிர எதுவும் மிஞ்சாது. ஐம்பது பாடங்கள் இறக்கிய பிறகு எது எந்தப் பாடம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். பென்டிரைவில் போட்டு விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால் --விண்டோஸ்-ஃபைல்நேம்ஸ் போதும். அது கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்ற ஆகாத குறிகளை மட்டும் மாற்றும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதும் நினைவில் இருக்கட்டும். டெர்மினலில் தமிழ் உடைந்து தெரிவது வெறும் காட்சிப் பிரச்சினை. கோப்பு மேலாளரில் பெயர் சரியாகவே இருக்கும்.

அமைப்புக் கோப்பும் கிரானும்

~/.கான்ஃபிக்/ஒய்டி-டிஎல்பி/கான்ஃபிக் என்ற கோப்பில், வரிக்கு ஒன்றாக விருப்பத்தேர்வுகளை எழுதலாம். இந்தக் கணினியில் போட்டவை: மேலே சொன்ன பெயர் வார்ப்பு, --நோ-ப்ளேலிஸ்ட், இறங்கியவற்றைக் குறித்துவைக்கும் --டவுன்லோட்-ஆர்கைவ், இரண்டு வீடியோக்களுக்கு நடுவே இடைவெளி விடும் --ஸ்லீப்-இன்டர்வல் 5, அதோடு தர வரிசைக்கு -எஸ், பெரிய எழுத்தில், "ரெஸ்:720,விகோடெக்:எச்264".

கடைசி வரி வகுப்பறைக்காக. விட்டுவிட்டால் ஒய்டி-டிஎல்பி கிடைப்பதில் சிறந்ததை எடுக்கும். அது ஏவி1 அல்லது விபி9 என்ற புதிய படச் சுருக்க முறையில் இருக்கும். பழைய மடிக்கணினிகளின் கிராஃபிக்ஸ் சிப் அவற்றை விரிக்காது. செயலி முழுச் சுமையில் ஓடி, படம் திக்கித் திக்கி வரும். பழைய முறையான எச்264-ஐ ஏறக்குறைய எல்லாக் கணினியும் விரிக்கும். ஒலி மட்டும் போதுமென்றால் 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 58 எம்பிதான்.

"நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய உள்நுழையவும்" என்ற செய்தி, குறுகிய நேரத்தில் நிறைய இறக்கினால் வரும். --குக்கீஸ்-ஃப்ரம்-ப்ரௌசர் ஃபயர்ஃபாக்ஸ் கொடுத்து உலாவியின் உள்நுழைவைக் கடன் வாங்கலாம். உபுண்டுவின் ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸையும் அது கண்டுகொள்ளும். ஆனால் அந்தக் கணக்கே முடக்கப்படும் அபாயம் இருக்கிறது. சேனல் நடத்தும் முக்கியக் கணக்கை ஒருபோதும் இதற்குக் கொடுக்கக் கூடாது. முதலில் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். சில வேளை தடை தானாகவே விலகிவிடும்.

கிரான் வேலையில் இரண்டு திருத்தங்கள். பிரதியின் முழுப் பாதையையும் எழுத வேண்டும், /ஹோம் என்று தொடங்கி. அதோடு கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபின் முதல் வரியில் பாத் மாறிக்குள் அதே பின் ஃபோல்டரையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒய்டி-டிஎல்பி ஓடும், டீனோவைக் கண்டுபிடிக்காது. சதவீதக் குறியை கிரான் புதிய வரி என்று படிக்கும். பெயர் வார்ப்பை கிரான்டேபில் நேரடியாக எழுதியிருந்தால் முதல் % குறியிலேயே கட்டளை அறுந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் \ போட வேண்டியிருக்கும். வார்ப்பு அமைப்புக் கோப்பில் இருப்பதால் இங்கே அந்தத் தொல்லை இல்லை. இறக்கும் வேலைக்கு அரை மணி முன்பாக -யு ஓடும்படி தனி வரி ஒன்றும் சேர்க்கப்பட்டது. இரண்டின் வெளியீடும் ஒரே பதிவுக் கோப்புக்குப் போகிறது. ஏதாவது நின்றால், எந்தப் பதிப்பில் நின்றது என்பது அதே கோப்பில் மேல் வரியில் இருக்கும்.